லிங்க்கிலேயே நிரம்பி வரும் படிவம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இணையப் படிவத்தைத் திறக்கும்போதே சில கட்டங்கள் நிரம்பியிருக்கும்படி லிங்க் தயாரிப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் தொகுத்திருக்கிறோம். பெரும்பாலானவை வேர்ட்பிரஸ், ட்ரூப்பல் என்ற தள மேலாண்மை மென்பொருள்களில் தளம் நடத்துபவர்கள் அனுப்பியவை. அச்சில் எல்லாவற்றையும் தமிழெழுத்தில் தருகிறோம். லிங்க்கிலும் செட்டிங்கிலும் தட்டும்போது அந்தச் சொற்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் நூலகத்தின் வேர்ட்பிரஸ் தளத்தில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனிப் பக்கம் உண்டு. பதிவுப் படிவம் மட்டும் ஒன்றே ஒன்று. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அந்த நிகழ்ச்சியின் பெயர் படிவத்தில் தானாக விழ வேண்டும். கான்டாக்ட் ஃபார்ம் 7 வைத்திருக்கிறோம். முடியுமா? (திருச்சி)

முடியும். காசு கொடுத்து வேறு பிளகின் (தளத்தில் கூடுதலாகப் பொருத்தும் சிறு மென்பொருள்) வாங்கத் தேவையில்லை.

முதலில் லிங்க் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வருவதெல்லாம் அந்தப் பக்கத்துக்கு நாம் கையில் கொடுத்தனுப்பும் சீட்டு. அதில் 'பெயர்=மதிப்பு' என்ற ஜோடிகள் இருக்கும். இரண்டு ஜோடிகளுக்கு நடுவே & வரும். கேள்விக்குறி ஒரே ஒருமுறைதான். இரண்டாவது ஜோடிக்கும் கேள்விக்குறி போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிப் போட்டால் இரண்டாவது ஜோடி முழுவதும் முதல் மதிப்பின் வாலாக ஒட்டிக்கொள்ளும்.

டாஷ்போர்டில் கான்டாக்ட் மெனுவுக்குப் போய் உங்கள் படிவத்தைத் திறங்கள். ஃபார்ம் டேபில் நிகழ்ச்சிக் கட்டத்துக்கான வரியை இப்படி மாற்றுங்கள்: [டெக்ஸ்ட் நிகழ்வு டிஃபால்ட்:கெட்]. நடுவில் இருக்கும் 'நிகழ்வு' நீங்கள் வைக்கும் பெயர். அது ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும், இடைவெளி கூடாது. 'டிஃபால்ட்:கெட்' என்பதற்கு, இதே பெயரில் முகவரியில் ஏதாவது வந்தால் அதைத் தொடக்க மதிப்பாக எடுத்துக்கொள் என்று பொருள். மெயில் டேபில் [நிகழ்வு] என்ற குறி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். படிவத்தில் சரியாக நிரம்பியும் மின்னஞ்சலில் அந்தத் தகவல் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஒரு குறி விடுபட்டதுதான்.

பிறகு நிகழ்ச்சிப் பக்கத்தின் 'பதிவு செய்க' பொத்தானுக்குப் படிவப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, அதன் கடைசியில் ?நிகழ்வு=கதைநேரம் என்று சேர்த்தால் போதும்.

அந்தக் கட்டம் தேர்வுப் பட்டியலாக இருந்தால், லிங்க்கில் வரும் மதிப்பு பட்டியலில் உள்ளதோடு ஓர் எழுத்து பிசகாமல் பொருந்த வேண்டும். கடைசியில் ஒரு இடைவெளி கூடுதலாக இருந்தாலும் பொருந்தாது.

கிராவிட்டி ஃபார்ம்ஸ் என்ற படிவப் பிளகின் வைத்திருப்பவர்கள் கட்டத்தின் அட்வான்ஸ்ட் பகுதியில் 'அலவ் ஃபீல்டு டு பி பாப்புலேட்டட் டைனமிக்கலி' என்பதை டிக் செய்து, அதன் கீழே திறக்கும் பெட்டியில் பாராமீட்டர் பெயரை, அதாவது லிங்க்கில் சமக்குறிக்கு முன்னால் வரும் பெயரை, கொடுக்க வேண்டும். பெயர், முகவரி போன்ற கூட்டுக் கட்டங்களில் ஒவ்வோர் உட்கட்டத்துக்கும் தனித்தனிப் பாராமீட்டர் பெயர் உண்டு.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறோம். நிகழ்ச்சிப் பெயரை மறைவான கட்டத்தில் ஒளித்து வைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும்படி, மாற்ற முடியும்படி வையுங்கள். தப்பான லிங்க்கில் வந்துவிட்டவர் தானே பார்த்துத் திருத்திக்கொள்வார்.

கேள்வி: கட்டத்துக்கு 'நேம்' என்று பெயர் வைத்து, லிங்க்கில் ?நேம்= என்று கொடுத்தேன். படிவப் பக்கமே 404 என்று வருகிறது. அதை எடுத்துவிட்டால் பக்கம் நன்றாகத் திறக்கிறது. (ஈரோடு)

'நேம்' என்ற சொல்லை வேர்ட்பிரஸ் தன் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கிறது. எந்தப் பதிவைக் காட்ட வேண்டும் என்று தேடுவதற்கு முகவரியிலிருந்து அது எடுத்துக்கொள்ளும் சொற்களில் இதுவும் ஒன்று. நீங்கள் வாடிக்கையாளரின் பெயரைக் கொடுத்தனுப்புகிறீர்கள். வேர்ட்பிரஸ் அந்தப் பெயரில் ஒரு பதிவைத் தேடிப் பார்த்து, இல்லை என்று 404 காட்டுகிறது.

இயர், மந்த்நம், டே, ஹவர், பி (ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்து), எம், எஸ், பேஜ், ஆத்தர், கேட், டேக், ஆர்டர், டெர்ம், எரர் ஆகியவையும் இதே வகை. 'இயர்' சற்று வஞ்சகமானது. பக்கம் வெளியிடப்பட்ட ஆண்டும் நீங்கள் கொடுத்த ஆண்டும் தற்செயலாக ஒன்றாக இருந்தால் பக்கம் திறந்துவிடும். சோதனையில் தேறி, அடுத்த ஜனவரியில் உடையும்.

பாராமீட்டர் பெயர்களுக்கு முன்னொட்டு வைத்துக்கொள்வதுதான் தீர்வு. நிறுவனப் பெயரின் இரண்டு எழுத்தும் ஓர் அடிக்கோடும் போதும். கான்டாக்ட் ஃபார்ம் 7 புதிதாக உருவாக்கித் தரும் மாதிரிப் படிவத்தில் கட்டத்தின் பெயர் 'யுவர்-நேம்' என்று இருக்கும். அதை 'நேம்' என்று சுருக்காமல் அப்படியே விட்டிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது.

கேள்வி: தொலைபேசி எண்ணை +91 சேர்த்து லிங்க்கில் கொடுத்தால், படிவத்தில் + போய் அங்கே வெற்றிடம் வருகிறது. 'மாவு & மசாலா' என்று கடைப் பெயர் கொடுத்தால் 'மாவு' மட்டும்தான் வருகிறது. தமிழில் கொடுத்தால் லிங்க் முழம் முழமாக நீள்கிறது. (விருதுநகர்)

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். முகவரியில் சில குறிகளுக்கு ஏற்கெனவே வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது. & ஜோடிகளைப் பிரிக்கும். + இடைவெளியைக் குறிக்கும். # வந்தால் அதற்குப் பின்னால் இருப்பது சர்வருக்கே போகாது. இந்தக் குறிகளை மதிப்புக்குள் வைக்க வேண்டுமானால் மாற்றுக் குறியீட்டில் எழுத வேண்டும். இடைவெளிக்கு %20, &-க்கு %26, #-க்கு %23. +-க்கு விழுக்காட்டுக் குறியும் 2-உம் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தான 'பி'-யும். உங்கள் கடைப் பெயரில் & வந்ததும் அங்கே புது ஜோடி தொடங்கிவிட்டதாகச் சர்வர் எடுத்துக்கொண்டது.

இதைக் கையால் செய்யாதீர்கள். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆஃபீஸ் மூன்றிலும் 'என்கோட்யூஆர்எல்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஏ நெடுவரிசையில் பெயர், பி நெடுவரிசையில் தொலைபேசி என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாக இந்த ஃபங்ஷனில் போட்டு, பிறகு முகவரியோடு சேர்க்க வேண்டும். முழு லிங்க்கையும் ஒரேயடியாக ஃபங்ஷனில் போட்டால் கேள்விக்குறியும் சமக்குறியும்கூட மாறிப்போய் லிங்க் செத்துவிடும். ஏற்கெனவே மாற்றியதை இன்னொருமுறை மாற்றுவதும் உண்டு. படிவத்தில் இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் %20 என்றே எழுத்தாக விழுந்தால், லிங்க்கில் %2520 இருக்கிறதா என்று பாருங்கள். இருமுறை மாற்றியதற்கு அதுவே அடையாளம்.

ஜாவாஸ்கிரிப்டில் லிங்க் தயாரிப்பவர்கள் மதிப்புகளுக்கு 'என்கோட்யூஆர்ஐகாம்பொனன்ட்' பயன்படுத்த வேண்டும். 'என்கோட்யூஆர்ஐ' என்பது வேறு. அது & குறியையும் + குறியையும் தொடாமல் விட்டுவிடும்.

இனி தமிழ். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். 'மதுரை' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து. லிங்க்கில் அது 45 இடம். அப்பாச்சி சர்வர் ஒரு கோரிக்கை வரிக்கு இயல்பாக 8190 பைட்தான் அனுமதிக்கும், என்ஜின்எக்ஸ் சுமார் 8 கிலோபைட். மிஞ்சினால் 414 என்ற பிழை வரும். கணக்குப் பார்த்தால் சுமார் 900 தமிழ்க் குறிகள். பெயருக்கும் ஊருக்கும் தாராளம். ஒரு முழுப் புகார்க் கடிதத்தை லிங்க்கில் அடைக்க நினைத்தால் போதாது.

கேள்வி: ட்ரூப்பல் வெப்ஃபார்மில் எழுத்துக் கட்டங்கள் நிரம்புகின்றன. மாவட்டப் பட்டியலும் தேதியும் மட்டும் நிரம்பவில்லை. பிழைச் செய்தியும் எதுவும் வரவில்லை. (சேலம்)

பட்டியலில் ஒவ்வொரு தேர்வுக்கும் இரண்டு பக்கம் உண்டு. திரையில் தெரியும் பெயர் ஒன்று, உள்ளே சேமிக்கப்படும் சாவி ஒன்று. லிங்க்கில் கொடுக்க வேண்டியது சாவி. திரையில் 'திருநெல்வேலி' என்று இருந்தாலும் சாவி 'டிவிஎல்' என்று இருந்தால் 'டிவிஎல்' என்றே கொடுக்க வேண்டும். வெப்ஃபார்ம் வரும் மதிப்பைச் சரிபார்க்கும். பட்டியலில் இல்லாததைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதனால்தான் பிழைச் செய்தி வரவில்லை. அதைக் குறையாக எண்ண வேண்டாம், நல்ல பாதுகாப்பு அது.

சமக்குறிக்கு இடப்பக்கம் வரும் பெயருக்கும் இதே விதிதான். கட்டத்தின் தலைப்பு அங்கே செல்லாது, அதன் 'கீ' என்ற இயந்திரப் பெயரைக் கொடுக்க வேண்டும். பில்டு டேபில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே அது தெரியும்.

தேதியை 2025-06-15 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் கொடுங்கள். உலாவியின் தேதிப் பெட்டி நம் வழக்கப்படி 15-06-2025 என்று காட்டினாலும் உள்ளே வாங்கிக்கொள்வது அந்த ஒரே வடிவத்தைத்தான். மாதமும் நாளும் ஒற்றை இலக்கமாக இருந்தால் முன்னால் பூச்சியம் போட மறக்காதீர்கள்.

பல தேர்வு டிக் பெட்டிகளுக்குப் பெயரின் பின்னால் வெற்றுச் சதுர அடைப்பு சேர்த்து, தேர்வுக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும்: ?மொழி[]=தமிழ்&மொழி[]=உருது. அடைப்பு இல்லாமல் ஒரே பெயரை இருமுறை கொடுத்தால், ட்ரூப்பல் எழுதப்பட்டிருக்கும் மொழியான பிஎச்பி கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும். முகவரி போன்ற கூட்டுக் கட்டமானால் அடைப்புக்குள் உட்கட்டத்தின் சாவி வரும்.

முன்நிரப்பலை அனுமதிக்க வெப்ஃபார்மில் இரண்டு வழி உண்டு. படிவத்தின் செட்டிங்ஸ் பகுதியில் எல்லாக் கட்டங்களுக்கும் சேர்த்துத் திறந்துவிடலாம். அல்லது ஒவ்வொரு கட்டத்தின் அட்வான்ஸ்ட் டேபில் 'ப்ரீபாப்புலேட்' என்பதைத் தனித்தனியாக டிக் செய்யலாம். இரண்டாவதையே செய்யுங்கள். மொத்தமாகத் திறந்தால், அலுவலகப் பயன்பாட்டுக்கு வைத்த மறைவான கட்டங்களையும் வெளியாள் லிங்க் வழியே நிரப்பலாம்.

கேள்வி: படிவம் வேண்டாம், ட்ரூப்பலில் புதுக் கட்டுரை எழுதும் பக்கமே சில கட்டங்கள் நிரம்பித் திறக்க வேண்டும். நிருபர்களுக்கு ஆளுக்கொரு லிங்க் கொடுக்க நினைக்கிறோம். (சென்னை)

'ப்ரீபாப்புலேட்' என்ற மாட்யூல் (ட்ரூப்பலில் பிளகினுக்கு அதுதான் பெயர்) இதற்கென்றே இருக்கிறது. நிறுவி இயக்கினால் போதும். லிங்க்கில் பெயரை எழுதும் முறையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

கட்டுரை சேர்க்கும் பக்கத்தைத் திறந்து, தலைப்புப் பெட்டியின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் பாருங்கள். அதன் பெயர் டைட்டில்[0][வேல்யூ] என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போட்டால் வேலை செய்யாது. முன்னால் 'எடிட்' சேர்த்து, கட்டத்தின் பெயரை அடைப்புக்குள் தள்ளி, அதற்கு அடுத்து [விட்ஜெட்] செருக வேண்டும்: ?எடிட்[டைட்டில்][விட்ஜெட்][0][வேல்யூ]=மழை நிலவரம். உரைப் பகுதிக்கு டைட்டில் இருந்த இடத்தில் 'பாடி'. தேர்வுப் பட்டியலானால் [0][வேல்யூ] கிடையாது, [விட்ஜெட்]டோடு நின்றுவிடும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களில் [விட்ஜெட்] இருக்காது, [அண்ட்] என்று ஒன்று இருக்கும். அவை ட்ரூப்பல் 7-க்கானவை. அந்தப் பதிப்புக்கு ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதிய பதிப்பில் அவற்றை ஒட்டினால் ஒன்றும் நடக்காது.

சேமித்த பிறகு நிருபர் எங்கே போக வேண்டும் என்பதையும் லிங்க்கிலேயே சொல்லலாம். &டெஸ்டினேஷன்= என்று சேர்த்துத் தளத்துக்குள் உள்ள பாதையைக் கொடுங்கள்.

ஒரு கட்டத்தைத் திருத்த அனுமதி இல்லாத நிருபருக்கு லிங்க் அந்த அனுமதியைத் தந்துவிடாது. ஆனால் அனுமதி உள்ளவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். யாரோ அனுப்பிய லிங்க்கைத் திறந்து, கீழே வரை படிக்காமல் ஓர் ஆசிரியர் 'சேமி' அழுத்தினால், வெளியாள் எழுதி அனுப்பியது ஆசிரியரின் பெயரில் வெளியாகும். சாவி உங்கள் ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது, திருப்ப வைப்பது வேறொருவர். தளத்துக்கு வெளியிலிருந்து வரும் இத்தகைய லிங்க்குகளைத் திறக்க வேண்டாம் என்று குழுவில் எழுத்தாகவே சொல்லிவையுங்கள்.

கேள்வி: எங்கள் உறுப்பினர் புதுப்பிப்புப் படிவத்தைத் திறந்த ஒருவருக்கு வேறோர் உறுப்பினரின் பெயரும் கைபேசி எண்ணும் நிரம்பி வந்திருக்கிறது. பதறிப்போய் எழுதுகிறோம். (கோவை)

பதற வேண்டிய விஷயம்தான். முதலில் செய்ய வேண்டியது: தளத்தின் கேஷ் (வேகத்துக்காக எடுத்து வைத்திருக்கும் பக்க நகல்கள்) முழுவதையும் துடைத்துவிட்டு, படிவப் பக்கத்தைக் கேஷிலிருந்து விலக்கிவையுங்கள். பக்க நகல்களைப் பல ஊர்ச் சர்வர்களிலிருந்து தரும் சிடிஎன் சேவை இருந்தால் அங்கேயும் துடைக்க வேண்டும். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நடந்தது இதுதான். கான்டாக்ட் ஃபார்ம் 7, கிராவிட்டி ஃபார்ம்ஸ், வெப்ஃபார்ம் மூன்றும் மதிப்பைச் சர்வரிலேயே பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்குள் எழுதிவிடுகின்றன. பக்கம் உலாவிக்கு வரும்போதே பெயர் உள்ளே பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கேஷ் நகலெடுத்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் கொடுத்துவிட்டது. வழக்கமாகக் கேஷ் முழு முகவரியையும் பார்த்துத்தான் நகல்களைப் பிரித்து வைக்கும், கேள்விக்குறிக்குப் பின்னால் வேறாக இருந்தால் நகலும் வேறு. ஆனால் வேகத்துக்காகச் சிலர் 'க்வெரி ஸ்ட்ரிங்கை (கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள வாலை)ப் பொருட்படுத்தாதே' என்ற செட்டிங்கைப் போட்டுவிடுகிறார்கள். சமூக ஊடகங்களிலிருந்து வரும் விளம்பர வால்களை ஒதுக்க அது நல்ல வழிதான். படிவப் பக்கத்தில் அதே செட்டிங் ஒருவரின் விவரத்தை இன்னொருவர் முன் கொண்டுபோய் வைக்கிறது.

உறுதிசெய்ய: இரண்டு தனி மறைநிலைச் சாளரங்களில் ஒரே படிவத்தை வெவ்வேறு மதிப்புகளோடு திறங்கள். இரண்டாவதில் முதலாவதின் மதிப்பு வந்தால் காரணம் கேஷ். பிறகு மூன்றாவது சாளரத்தில் வால் எதுவும் இல்லாமல் வெறும் முகவரியைத் திறங்கள். அதிலும் பெயர் வந்தால், லிங்க் இல்லாமல் சாதாரணமாக வந்தவர்களும் அதைப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். ஃபயர்ஃபாக்ஸில் சோதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாதாரண ரீலோடில் அது கட்டங்களில் இருந்த பழைய மதிப்பைத் தக்கவைத்துக்கொள்ளும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீலோட் செய்யாவிட்டால், இல்லாத கோளாறை இருப்பதாக நினைத்துத் துரத்துவீர்கள்.

நிரந்தரத் தீர்வு இரண்டு. படிவப் பக்கத்தை எல்லா அடுக்குகளிலும் கேஷிலிருந்து விலக்குவது ஒன்று: பிளகின், சர்வர், சிடிஎன் மூன்றும். ஓர் அடுக்கை மறந்தாலும் பயன் இல்லை. மற்றொன்று, பக்கத்தை எல்லாருக்கும் பொதுவாக வெறுமையாகவே அனுப்பிவிட்டு, உலாவிக்கு வந்த பிறகு ஜாவாஸ்கிரிப்டால் நிரப்புவது. 'யூஆர்எல்சர்ச்பாராம்ஸ்' என்ற வசதி முகவரியைப் பிரித்து மதிப்பை எடுத்துத் தரும். கேஷ் எப்படி இருந்தாலும் அடுத்தவர் விவரம் அதில் இருக்க வழியே இல்லை. எங்கள் பரிந்துரை இரண்டாவது.

பெயர் வெளிப்பட்ட உறுப்பினருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் வேறொருவர் வாயிலாகக் கேள்விப்படக் கூடாது.

கேள்வி: பயிற்சிக் கட்டணத்தை மறைவான கட்டத்தில் லிங்க் வழியே நிரப்புகிறோம். பழைய மாணவர்களுக்குச் சலுகைத் தொகை, மற்றவர்களுக்கு முழுத் தொகை. சரிதானே? (மதுரை)

சரியில்லை, இன்றே மாற்றுங்கள். முகவரிப் பட்டியில் 1500-ஐ 15 ஆக்க யாருக்கும் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. மறைவான கட்டம் கண்ணுக்குத்தான் மறைவு. 'ரீட்ஒன்லி' போட்ட கட்டமும் அப்படியே, இன்ஸ்பெக்டில் ஒரு நொடியில் நீக்கிவிடலாம். லிங்க்கில் பயிற்சியின் குறியீட்டை மட்டும் அனுப்புங்கள். தொகை எவ்வளவு என்பதைச் சர்வர் தன் அட்டவணையிலிருந்து எடுக்கட்டும். சலுகைக்குத் தகுதி உண்டா என்பதையும் மாணவர் எண்ணை வைத்துச் சர்வரே பார்க்கட்டும். தொகை லிங்க்கில் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், இரகசியச் சாவியால் எச்மேக் கையொப்பம் (தொகையை யாராவது மாற்றினால் காட்டிக்கொடுக்கும் குறியீடு) கணக்கிட்டு அதையும் லிங்க்கில் சேர்த்து, படிவம் வந்து சேரும்போது சர்வரில் ஒப்பிட வேண்டும். இந்த வேலையைச் செய்வதைவிட அட்டவணை வைப்பது எளிது.

கேள்வி: மருத்துவமனை நினைவூட்டல் குறுஞ்செய்தியில், நோயாளியின் பெயர், கைபேசி, எந்தப் பிரிவு என்று எல்லாம் நிரம்பிய லிங்க் அனுப்பலாமா? வயதானவர்களுக்குத் தட்டும் வேலை மிச்சமாகும். (நாகர்கோவில்)

எண்ணம் நல்லது, வழி ஆபத்தானது. முகவரியில் இருப்பது பல இடங்களில் தங்கிவிடும். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்று குறிக்கும் சர்வரின் அணுக்கப் பதிவேட்டில் முழு முகவரியும் வரிவரியாக எழுதப்படும். உலாவியின் வரலாற்றில் இருக்கும். பக்கத்தில் புள்ளிவிவரக் கருவி பொருத்தியிருந்தால் அங்கேயும் போகும். நோயாளி அந்த லிங்க்கை மகளுக்கோ பக்கத்து வீட்டுப் பையனுக்கோ அனுப்பி உதவி கேட்டால், வாட்ஸ்அப்பிலும் நிற்கும். 'புற்றுநோய்ப் பிரிவு' என்ற சொல் ஒருவரின் பெயரோடு சேர்ந்து இத்தனை இடங்களில் கிடக்கக் கூடாது. எச்டிடிபிஎஸ் இருக்கிறதே என்பது இதற்குப் பதில் ஆகாது. அது வழியில் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும். இரு முனைகளிலும் சேமிக்கப்படுவதைத் தடுக்காது.

ஊகிக்க முடியாத நீண்ட குறியீடு ஒன்றை லிங்க்கில் அனுப்புங்கள். விவரங்கள் சர்வரிலேயே இருக்கட்டும். குறியீட்டுக்குக் காலாவதி வையுங்கள், சந்திப்பு நாள் முடிந்ததும் அது செத்துவிட வேண்டும். நோயாளி எண்ணையே குறியீடாக வைக்காதீர்கள். 1041 வந்தவர் 1042 போட்டுப் பார்ப்பார். ட்ரூப்பல் வெப்ஃபார்மில், முன்பே பதிவான விண்ணப்பத்தை இரகசிய டோக்கன் உள்ள லிங்க்கால் திறந்து திருத்தும் வசதி உண்டு. செட்டிங்ஸில் அதை இயக்கினால் போதும்.

பெயர் மட்டும் நிரம்பினால் போதும் என்ற அளவுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கேள்விக்குறிக்குப் பதிலாக #-க்குப் பின்னால் மதிப்பை வைத்து, ஜாவாஸ்கிரிப்டால் படித்து நிரப்பலாம். #-க்குப் பின்னால் உள்ளதை உலாவி சர்வருக்கு அனுப்புவதில்லை, எனவே சர்வர் பதிவேட்டில் விழாது. படித்து முடித்ததும் 'ரீப்ளேஸ்ஸ்டேட்' கொண்டு முகவரிப் பட்டியையும் சுத்தம் செய்துவிடுங்கள். ஆனால் குறுஞ்செய்தியில் அந்த லிங்க் இருந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே மருத்துவ விவரத்துக்கு இந்த வழியும் வேண்டாம்.

கேள்வி: லிங்க்கை நேரடியாகத் திறந்தால் நிரம்புகிறது. சுவரொட்டியில் உள்ள க்யூஆர் வழியே வந்தால் வெறும் படிவம்தான் வருகிறது. (தஞ்சாவூர்)

வழியில் ஏதோ ஒரு திருப்பிவிடுதல் வாலை வெட்டுகிறது. க்யூஆரில் உள்ள முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எச்டிடிபிஎஸ் இல்லாத முகவரியா, 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கிறதா? அப்படியானால் சர்வர் சரியான முகவரிக்குத் திருப்பிவிடுகிறது, திருப்பும் விதியில் பிழை. என்ஜின்எக்ஸில் விதி $யூஆர்ஐ என்று முடிந்தால் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளது கழன்றுவிடும். $ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ என்று மாற்றினால் நிற்கும். அப்பாச்சியின் ரீரைட் விதியில், போய்ச் சேரும் முகவரியிலேயே ஒரு கேள்விக்குறி இருந்தால் பழைய வால் போய்விடும். அங்கே க்யூஎஸ்ஏ என்ற கொடியைச் சேர்க்க வேண்டும். குறுலிங்க் சேவை நடுவில் இருந்தால், குறுலிங்க்கின் பின்னால் வாலை ஒட்டாமல், முழு லிங்க்கையும் உள்ளே கொடுத்துச் சுருக்குங்கள்.

படிவம் ஐஃப்ரேமில், அதாவது ஒரு பக்கத்துக்குள் வேறொரு பக்கத்தைக் காட்டும் சட்டத்தில், இருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். வெளிப்பக்கத்தின் முகவரியில் வந்த மதிப்பு உள்ளே இருக்கும் சட்டத்துக்குத் தானாகப் போகாது. வெளிப்பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்து, வேண்டிய பாராமீட்டர்களை மட்டும் ஐஃப்ரேமின் முகவரியில் சேர்த்துத் திறக்க வேண்டும்.

க்யூஆர் பற்றி இன்னொரு வார்த்தை. மிகப் பெரிய க்யூஆர் 177-க்கு 177 புள்ளிக் கட்டங்கள் கொண்டது. குறைந்த பிழைதிருத்த அளவில் 2953 பைட் கொள்ளும். கொள்ளும் என்பதற்காக அடைக்காதீர்கள். தமிழ் மதிப்புகள் ஒன்பது மடங்கு விரிவதால் புள்ளிகள் பொடியாகி, பேருந்து நிலையச் சுவரில் மங்கிய வெளிச்சத்தில் கேமரா திணறும். ?இடம்=3 என்று எண்ணை மட்டும் க்யூஆரில் வைத்து, 3 என்றால் எந்த ஊர் என்பதைப் படிவப் பக்கத்தில் தீர்மானியுங்கள்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டால் நிரப்பினேன். கட்டத்தில் மதிப்பு தெரிகிறது. ஆனால் அதைப் பொறுத்துத் திறக்க வேண்டிய அடுத்த கட்டங்கள் திறக்கவில்லை. (புதுச்சேரி)

ஸ்கிரிப்ட் மதிப்பை மாற்றும்போது 'மாறிவிட்டது' என்ற அறிவிப்பை உலாவி எழுப்பாது. மனிதர் தட்டினால் மட்டும்தான் எழுப்பும். மதிப்பை வைத்தபின் 'இன்புட்', 'சேஞ்ச்' இரண்டு நிகழ்வுகளையும் நீங்களே 'டிஸ்பாட்ச்ஈவன்ட்' வழியே அனுப்புங்கள், 'பபுள்ஸ்' என்பதை ட்ரூ என்று வைத்து. ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பின் 'ட்ரிக்கர்' போதும் என்று நினைக்க வேண்டாம், ஜேக்வெரி இல்லாமல் எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகளின் காதில் அது விழாது. செலக்ட்2 போன்ற அலங்காரப் பட்டியல்களில் மதிப்பு உள்ளே மாறியும் வெளியே பழைய பெயர் தெரிவதற்கும் காரணம் இதுதான். எல்லாம் சரியாக இருந்தும் நிரம்பவில்லை என்றால், உங்கள் ஸ்கிரிப்ட் ஓடும்போது படிவம் பக்கத்தில் இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

கேள்வி: தமிழ் விக்கிப்பீடியாவில் பயிற்சிப் பட்டறை நடத்துகிறோம். புதுக் கட்டுரைப் பக்கம் ஒரு மாதிரி அமைப்போடு திறக்க வழி உண்டா? (யாழ்ப்பாணம்)

உண்டு. விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியிலேயே இந்த வசதி இருக்கிறது. மாதிரியை ஒரு விக்கிப் பக்கமாக எழுதி வைத்துக்கொண்டு, தொகுக்கும் லிங்க்கில் &ப்ரீலோட்= என்று அந்தப் பக்கத்தின் பெயரைக் கொடுங்கள். பெயரில் இடைவெளி இருந்தால் அடிக்கோடு. தொகுப்புச் சுருக்கத்தையும் &சம்மரி= மூலம் நிரப்பலாம். மாதிரிப் பக்கத்தில் $1, $2 என்று இடம் விட்டு, &ப்ரீலோட்பாராம்ஸ்[]= என்பதை வரிசையாகக் கொடுத்தால் ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் தலைப்போ ஊரோ அந்த இடங்களில் விழும். மாதிரிப் பக்கத்துக்கான விளக்கக் குறிப்புகளை 'நோஇன்க்ளூட்' குறிகளுக்குள் வையுங்கள், அவை புதுக் கட்டுரைக்குள் வராது.

பக்கம் ஏற்கெனவே இருந்தால் ப்ரீலோட் வேலை செய்யாது. பேச்சுப் பக்கம் போல இருக்கும் பக்கத்தில் புதுப் பத்தி சேர்ப்பதானால் &செக்ஷன்=நியூ சேர்க்க வேண்டும், அப்போது பத்தித் தலைப்பை &ப்ரீலோட்டைட்டில்= நிரப்பும். பட்டறை நாளுக்கு முன்னால் ஒவ்வொரு லிங்க்கையும் மறைநிலைச் சாளரத்தில், உள்நுழையாமல் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.